ஐந்தாவது குழி

நாற்பதாயிரம் நாணயங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சரி என்று அனுப்பி வைத்த அதே கைகள்தாம் இப்போது அவற்றை அள்ளி அள்ளி இயந்திரத்தின் வாயில் போட்டுக்கொண்டிருந்தன.

அந்த இயந்திரத்துக்கு நாணயச் சாலையின் கோப்புகளில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வேலை செய்கிறவர்கள் அதைக் கரும்பு மிஷின் என்றே சொல்வார்கள். பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். நடுவே விழுந்த நாணயம் மறுபக்கம் வரும்போது நாணயமாக இருக்காது. அலை அலையாக நெளிந்த ஒரு தகடாக இருக்கும். அதில் என்ன எழுதியிருந்தது, என்ன படம் இருந்தது என்று அதை அடித்தவனாலும் சொல்ல முடியாது.

"லென்சக்கா, கொஞ்சம் மெதுவாப் போடுங்க. மிஷினுக்கு விக்கல் வருது" என்றான் உருளைக்காரன்.

லென்சக்கா என்பது அங்கே அவளுக்கு வாய்த்த பெயர். இருபத்திரண்டு வருடமாகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கின் கீழே, லென்சுக்கு அடியில் நாணயத்தை விளிம்பில் பிடித்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஓரம் என்று மூன்று பார்வை. நல்லது வலப்பக்கத் தட்டுக்கு, பழுது இடப்பக்கத் தட்டுக்கு. தலைமுடியில் பாதி அகலக் கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று பேர். காலையில் மேசை விளக்கைப் போடும்போதெல்லாம், "கடவுளே, இன்னைக்கும் என் கண்ணு பொய் சொல்லாம இருக்கணும்" என்று மனசுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வாள். அதற்குமேல் அவள் பெரிதாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை, போன மாதம் வரை.

விண்வெளியில் நாடு ஏறிய ஒவ்வொரு படிக்கும் ஒரு நினைவு நாணயம் என்று ஒரு வரிசை. முதல் ராக்கெட்டுக்கு ஒன்று. முதல் செயற்கைக்கோளுக்கு ஒன்று. மேலே போய் மிதந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்த முதல் ஆளுக்கு ஒன்று. நிலவைச் சுற்றிவந்து படம் எடுத்து அனுப்பிய கலத்துக்கு ஒன்று. ஐந்தாவதுதான் இது. நிலவின் தரையில் நாலு காலில் நிற்கும் கலம், அதற்குப் பின்னால் பாதி பூமி, கீழே 'நிலவில் இறங்கிய நாள்' என்ற எழுத்து, அதற்கடியில் தேதி. கலம் இறங்குகிற அன்றைக்கே மக்கள் கையில் நாணயம் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே இரண்டு மாதம் முன்பே அடித்து, பார்த்து, பெட்டிகளில் அடுக்கி வைத்துவிட்டார்கள்.

அந்தத் தேதி வந்தது. கலம்தான் இறங்கவில்லை.

தரையை நெருங்கும் கடைசி நிமிடத்தில் அதனிடமிருந்து வந்துகொண்டிருந்த சிக்னல் நின்றுபோனது. ஊரே தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. திரையில், கட்டுப்பாட்டு அறையின் கணினிகளுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கலம் தரையைத் தொட்டுச் சாய்ந்ததா, தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்ததா என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை.

நாணயங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் சீக்கிரம் பதில் வந்தது. நடக்காததை நடந்ததாகச் சொல்லும் நாணயம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அச்சும் நாணயமும் முழுக்க அழிக்கப்பட வேண்டும்.

நாடு முழுவதற்கும் அது ஒரு கெட்ட செய்தி. லென்சக்காவுக்கு அது வீட்டுச் செய்தி. அந்தக் கலத்தின் நாலு கால்களையும் பொருத்தியது அவளுடைய தம்பி.

தம்பி விஞ்ஞானி இல்லை. விண்வெளிக் கூடத்தின் பட்டறையில் பிட்டர். மற்றவர்கள் தாளில் வரைந்ததை உலோகத்தில் நிறுத்திக் காட்டுகிற வேலை. ஆறு வருடம் அந்த நாலு கால்களோடுதான் குடும்பம் நடத்தினான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "இதுங்க நாலும் நல்லபடியா நிக்கட்டும்க்கா, அப்புறம் நான் ரெண்டு காலோட ஒருத்தியைப் பாக்கறேன்" என்பான். விடுமுறைக்கு வரும்போது சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை நிற்க வைத்து அக்காவுக்கு விளக்குவான். காலுக்குள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய தகடு அடைத்திருக்கும். கலம் தரையில் மோதும்போது அது நசுங்கும். "அது நசுங்கினாத்தான்க்கா மேல இருக்கறது பிழைக்கும். தான் நசுங்கறதுக்குன்னே செஞ்ச பொருள்" என்று ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாகச் சொன்னான்.

இப்போது அவன் அவள் வீட்டின் பின்னறையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். அந்த நாளுக்கு மறுநாள் ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தவன். முதல் இரண்டு நாள் கேட்டதற்கு ஆம், இல்லை என்றாவது சொன்னான். மூன்றாம் நாள் தொலைக்காட்சியில் கோட்டு போட்ட ஒருவர், "என்னுடைய சந்தேகம் கால்கள் மீதுதான். அவை எடையைத் தாங்கியிருக்காது" என்றார். தம்பி எழுந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினான். அன்றைக்கு மூடிய வாய்தான். மூன்று வாரம் ஆகிறது.

லென்சக்காவின் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். மனசு முழுக்க ஈரம், வாய் முழுக்கக் கிண்டல். தினமும் வேலை முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்னறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

"மாப்ள, நான் இதுவரைக்கும் நாலு தடவை பஸ்ஸை இடிச்சிருக்கேன். ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் சுவத்து மேலயே. எனக்கு ஒரு விசாரணைக் கமிஷன் வெச்சாங்களா? ரெண்டு நாள் பேப்பர்ல ஒரு வரி வந்துச்சா? அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும் பாரு."

சுவர்ப் பக்கமிருந்து பதில் வராது. அவர் கொஞ்ச நேரம் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துகொள்வார். சமையலறைக்கு வந்து, "தூங்கறான் போல" என்று மனைவியிடம் பொய் சொல்வார். அவளும் ஆமாம் என்பாள்.

அவனுக்குப் போட்ட சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பிறகு முக்காலும் திரும்பி வந்தது. டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கூடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாத்திரை குடுக்கறேன். ஆனா மாத்திரை மட்டும் போதாதும்மா. ஒரு வார்த்தை பேச வைங்க. அழட்டும், திட்டட்டும், எதுவா இருந்தாலும் சரி. இப்படியே உள்ளுக்குள்ள போய்ட்டே இருந்தா எனக்குப் பயமா இருக்கு. தனியா மட்டும் விட்டுடாதீங்க."

அதன் பிறகு லென்சக்காவும் கணவரும் ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் கத்தியும் கயிறும் இடம் மாறின. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பின்னறைச் சுவரில் தம்பி தன் கையாலேயே செய்த மரப்பேழை ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே நீல வெல்வெட்டு, அதில் ஐந்து வட்டக் குழிகள். வரிசையில் ஒவ்வொரு நாணயமும் வெளியானபோது, அக்கா விற்பனை ஜன்னலில் எல்லோரையும் போல வரிசையில் நின்று ஒன்று வாங்கி, அடுத்த முறை அவன் வரும்போது கொடுப்பாள். நாலு குழிகள் நிறைந்திருந்தன. ஐந்தாவது குழி இரண்டு வருடமாகக் காத்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவன் தலையணை.

அந்த ஒரு நாணயம் கையில் இருந்தால் அவன் திரும்பிப் பார்ப்பானோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நிற்கிறதே, அதிலாவது நிற்கிறதே. அவன் பொருத்திய கால்கள் எங்கேயாவது ஓரிடத்தில் நிற்கின்றன என்று காட்டினால் போதும். இது புத்தியில் வந்த யோசனை இல்லை. தாகமெடுத்தவளுக்குத் தண்ணீர் கண்முன் வருகிற மாதிரி வந்த யோசனை.

நாணயங்களை நசுக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம்.

கரும்பு மிஷினுக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகிற நாணயத்தை எடை போடுவார்கள். வெளியே வருகிற தகட்டையும் எடை போடுவார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எடை போடுகிறவருக்கு முள்ளு சார் என்று பெயர். மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், தராசின் முள்ளைத்தான் பார்ப்பார் என்பதால் அந்தப் பேர். தராசுகளுக்கெல்லாம் கண்ணாடித் திரை வந்து, முள் போய்ப் பல வருடமாயிற்று. பேர் மட்டும் போகவில்லை. சிரித்தால் அதற்கும் எடை போட்டுக் கையெழுத்து கேட்பார் என்பார்கள்.

"பதினோரு கிராம் குறையுது" என்றார் முள்ளு சார்.

பதினோரு கிராம் என்றால் ஒரு நாணயம்.

உருளைக்காரன் குனிந்து மிஷினுக்கு அடியில் டார்ச் அடித்தான். தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். தரையைக் கூட்டிப் பார்த்தார்கள். மறுபடி எடை போட்டார்கள். பதினோரு கிராம்.

"யாரும் வெளிய போகக் கூடாது. பாத்ரூம் போறதுன்னா ஒவ்வொருத்தரா போங்க" என்றார் முள்ளு சார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் சட்டைக் காலருக்கு மேலே கழுத்து வேர்த்திருந்ததை லென்சக்கா கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் தொழில்.

முகம் கழுவப் போனவள் சட்டைக் கையின் மடிப்பை இறக்கிவிட்டாள். நாணயச் சாலையில் கொடுக்கும் நீலச் சட்டைக்குப் பை கிடையாது. ஆனால் முழங்கை வரை மடித்துவிட்ட கைக்கு மடிப்பு உண்டு. அதற்குள்ளிருந்து அது உள்ளங்கையில் விழுந்தது. அள்ளிப் போடும்போது துள்ளி விழுந்திருக்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு தாழிட்டிருந்தது. நாணயம் அவள் கையில் இருந்தது.

வெளிவாசலில் சோதனைக்கு நிற்கும் பெண் இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவளைச் சரியாகத் தடவிப் பார்த்ததில்லை. "உங்களைச் சோதிச்சா எனக்குத்தான்க்கா பாவம் வரும்" என்று கையை ஆட்டி அனுப்பிவிடுவாள். செருப்புக்குள் வைத்தால் போதும். மறுபடியும் சட்டை மடிப்பில் வைத்தாலே போதும். கடவுளே கொடுத்த மாதிரி இருக்கிறது, அவளாக எடுக்கவில்லையே, தானாக வந்து விழுந்ததுதானே. மனசு இப்படியெல்லாம் பேசும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தப்பான காரியத்துக்குப் போகும்போது நம் மனசு கடவுளையும் கூடக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது.

நாலு காலில் நின்றுகொண்டிருந்த கலத்தைக் கட்டைவிரலால் மூடினாள். விரலை எடுத்தாள். நின்றுகொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே உருளைக்காரனின் குரல் கேட்டது. "சார், உங்க மேல யாரு சந்தேகப்படப் போறாங்க?"

முள்ளு சார் சொன்ன பதிலும் கேட்டது. "கையெழுத்து என்னோடது. நான் எடுக்கலைன்னு நான் சொல்லலாம். எடுக்கலைன்னு காட்டறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

அவள் கை குழாயின் மேலேயே நின்றது. இதே வார்த்தை அவள் வீட்டுப் பின்னறையில் மூன்று வாரமாகப் படுத்திருக்கிறது, வாய் திறக்காமல். தன் கை சுத்தம் என்று தெரிந்தும், அதைக் காட்ட ஒன்றும் இல்லாத மனிதன். ஒருவனை எழுப்புவதற்காக இன்னொருவரை அதே கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் பார்த்தோமே என்று நினைத்தபடி குழாயை மூடினாள்.

அவள் வெளியே வந்து, நாணயத்தைத் தராசின் மேல் வைத்தாள்.

"சட்டை மடிப்புல இருந்துச்சு சார்."

முள்ளு சார் எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு, அவர் வழக்கத்தில் இல்லாதபடி, அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதைக் குடுக்கறதுக்கு ஏம்மா இவ்வளவு அழுதிருக்கீங்க?"

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. தம்பியைப் பற்றி, பேழையைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், பாத்ரூமில் தான் நினைத்ததையும் சொன்னாள். உருளைக்காரன் மிஷினைத் துடைக்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

முள்ளு சார் எல்லாவற்றையும் கேட்டார். நாணயத்தை எடுத்து மிஷினில் போட்டார். அது நெளிந்து விழுந்தது. தகட்டை எடை போட்டார், எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த தட்டு" என்றார்.

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கு உருளைக்காரன் கேண்டீனில் சொன்னான். லென்சக்கா அப்படி நினைக்கவில்லை. அவள் ஒன்றுமே நினைக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். தட்டு முக்காலும் திரும்பி வந்தது.

மூன்று நாள் கழித்து, வேலை முடிகிற நேரத்தில் முள்ளு சார் அவள் மேசைக்கு வந்தார்.

"சிற்பி ரூமுக்கு வாங்க."

சிற்பி என்பவர் நாணயங்களுக்கு உருவம் செய்கிறவர். அவர் அறை மாடியில், வெள்ளைத் தூசி படிந்து கிடக்கும். நாணயம் என்பது முதலில் நாணய அளவில் பிறப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பிளாஸ்டரில் செதுக்குவார்கள். அதைத்தான் இயந்திரம் வைத்துச் சிறிதாக்கி எஃகு அச்சில் வெட்டுவார்கள். அச்சு வந்த பிறகு அந்தப் பிளாஸ்டரை யாரும் நினைப்பதில்லை.

மேசை மேல் அது இருந்தது. பாதி பூமி, நிலவின் மேடு பள்ளம், நாலு காலில் கலம். நாணயத்தில் அவள் கண்ணுக்கும் எட்டாத திருகாணித் தலைகள்கூட அதில் இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது.

"எடுத்துட்டுப் போங்கம்மா. நானும் தூக்கிப் போடத்தான் வெச்சிருந்தேன். கை வரல" என்றார் சிற்பி. அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

லென்சக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் சார். எல்லாத்தையும் அழிக்கணும்னு உத்தரவு."

"உத்தரவை நான் ஏழு தடவை படிச்சேன்" என்றார் முள்ளு சார். "அச்சு, நாணயம். ரெண்டுதான் போட்டிருக்கு. பிளாஸ்டர்னு ஒரு வார்த்தை இல்ல. இருந்தாலும் மேனேஜர்கிட்ட எழுதிக் கேட்டுட்டேன். உடைஞ்ச பிளாஸ்டர் கழிவுல சேரும்னு பதில் வந்துருச்சு. இந்தாங்க கேட் பாஸ்."

சீட்டில் அவருடைய குண்டு கையெழுத்தில் எழுதியிருந்தது: பிளாஸ்டர் கழிவு, உடைந்தது, ஒன்று. எடை ஒரு கிலோ எழுநூற்று முப்பது கிராம்.

"இதையும் எடை போட்டீங்களா சார்?"

"போடாம?" என்றார் அவர், அவமானப்பட்டவர்போல.

மூன்று நாள் அலைந்திருக்கிறார். அவளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவருக்கு வார்த்தை வராது, விதிமுறைதான் வரும். அந்த விதிமுறைக்குள்ளேயே தேடித் தேடி, ஒருவருக்கு நல்லது செய்ய ஓர் இடுக்கைக் கண்டுபிடித்திருக்கிறார். உலகத்தில் நல்லது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, சத்தமில்லாமல், சீட்டோடு.

பிளாஸ்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கணவரின் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தாள். "மடியில என்ன, குழந்தையா? அரை டிக்கெட் எடுக்கணும்" என்றார் அவர், கண்ணாடியில் அவளைப் பார்த்து. அன்றைக்கு மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் பஸ் நத்தை மாதிரி ஊர்ந்தது. பின்னால் யாரோ கத்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதுவரை வீட்டில் காவலிருந்த பக்கத்து வீட்டம்மா அவர்கள் வந்ததும் கிளம்பிப் போனாள். பின்னறையில் மாலை வெயில் சன்னல் கம்பிகளைச் சுவரில் சாய்த்துப் போட்டிருந்தது. தம்பி அதே இடத்தில் அதே பக்கமாகப் படுத்திருந்தான். முதுகெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது.

லென்சக்கா கட்டிலின் அந்தப் பக்கத்து இடுக்கில் நுழைந்து, சுவரோரம் சாய்த்து, அவன் முகத்துக்கு நேரே அதை வைத்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"உன் கலம்டா" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைக்குள் கண் அசைந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கணவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கிண்டலும் சொல்லவில்லை. சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் ஒரு சாண் ஏறியது.

அவன் கண்ணைத் திறந்தான். அவன் பார்த்தான். முதலில் பொதுவாக. பிறகு கண் ஓரிடத்தில் நின்றது. நெற்றி சுருங்கியது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான், மூன்று வாரத்தில் முதல் தடவையாக, யாரும் தூக்காமல். விரலை நீட்டி, பிளாஸ்டரில் பின்பக்கத்து நாலாவது காலைத் தொட்டான்.

"இதுல குறுக்குக் கம்பி எங்க?"

குரல் துருப்பிடித்திருந்தது. லென்சக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"என்னப்பா?"

"குறுக்குக் கம்பிக்கா. ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு தண்டு, நடுவுல ஒரு குறுக்குக் கம்பி. மூணு கால்ல இருக்கு, இதுல இல்ல. எவன் செஞ்சான் இதை? இப்படி நிக்க வெச்சா எப்படி நிக்கும்? விழத்தான் செய்யும்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நாப்பதாயிரம் பாத்தேன்னு சொன்னியே, லென்சக்காவாம் லென்சக்கா. என்னத்தைப் பாத்த?"

உண்மைதான். அவள் ஒவ்வொரு நாணயத்தையும் மாதிரி நாணயத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தாள். மாதிரியிலேயே இல்லாத கம்பி நாற்பதாயிரத்திலும் இல்லை. எல்லாவற்றையும் சரி, சரி, சரி என்று வலப்பக்கத் தட்டில் வைத்திருக்கிறாள்.

"நான் வெச்சேன்க்கா" என்றான் தம்பி.

அவன் அதை மெதுவாகச் சொன்னான். தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னான்.

"நான் நாலுக்கும் வெச்சேன். என் கையால முறுக்கினேன். மறுநாள் காலையில போய் இன்னொரு தடவை முறுக்கிப் பாத்தேன். நாலுக்கும் இருந்துச்சு. இவங்க மாதிரி நான் விடல. நான் விடலக்கா."

அப்புறம்தான் அழுகை வந்தது. பெரிய ஆள் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அவள் அவன் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாசலில் இருந்தவர் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். டீ போடுகிறாராம். அரைமணி நேரம் உருட்டினார்.

டீயை அவன் முழுதும் குடித்தான். தீப்பெட்டி கேட்டான். கணவர் அவளைப் பார்த்தார். பிறகு, எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார். தம்பி ஒரு குச்சியை எடுத்து மருந்து முனையை ஒடித்துப் போட்டான். மீதியை நகத்தால் அளவாக முறித்து, தண்ணீரில் குழைத்த மாவைத் தடவி, நாலாவது காலின் இரண்டு தண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினான். மூன்றாவது தடவையில் நின்றது.

"இப்ப நிக்கும்" என்றான்.

"இதுக்கு ஒரு கமிஷன் வெக்கலாமா மாப்ள?" என்றார் கணவர்.

தம்பி சிரிக்கவில்லை. ஆனால் அவர் பக்கம் திரும்பி, "நீங்க பேசாம இருங்க மாமா" என்றான். அவர் முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். அன்றைக்கும் அவன் சுவரைப் பார்த்துத்தான் படுத்தான். தட்டில் பாதி திரும்பித்தான் வந்தது. விசாரணை அறிக்கை இன்னும் வரவில்லை. வந்தாலும் கால்களைப் பற்றி அதில் உறுதியாக ஒன்றும் இருக்காது என்று அவனுக்கும் தெரியும். சாட்சி இல்லாத கேள்வி அது. செத்துப்போன கலத்தோடு அங்கே மேலே கிடக்கிறது. அவன் சாகிற வரைக்கும் நிலா எழும்போதெல்லாம் அதுவும் எழும்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது பின்னறையிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா. இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

அவள் வாசற்படியில் நின்றாள். "ஆறாயிரம் இருக்கும்டா."

"போட்டுடு" என்றான். "அதுல இருக்கறது என்னோடது இல்ல."

நாணயச் சாலையில் விளக்கைப் போட்டாள். தன் வழக்கமான ஒரு வரியைச் சொன்னாள். இந்த முறை அதன் பின்னால் முள்ளு சாருக்காகவும் ஒரு வரி சேர்த்தாள், அவர் அங்கே முதுகைக் காட்டி எடை போட்டுக்கொண்டிருந்தார். நசுக்க வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு நாணயத்தை விளிம்பில் பிடித்து லென்சின் கீழே கொண்டுவந்தாள். பின்பக்கம், நாலாவது கால். இரண்டு தண்டு. நடுவில் வெறும் வெளி.

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே அதை இடப்பக்கத் தட்டில் வைத்தது.

"என்னக்கா அது?" என்றான் உருளைக்காரன்.

"பழுது" என்றாள் லென்சக்கா. தட்டை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போனாள்.